விசிறிக் கூடு

பல்லேகமையில் ஜுனைதாவின் வீட்டு முற்றத்தில் மர்சூக் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தான். காலையில் இறந்துபோன அவனுடைய நானா, மூத்த சகோதரர் ஸஹாப்தீனின் மையித்து உள்ளே கட்டிலில் கிடந்தது. மர்சூக் வாளி வாளியாகத் தண்ணீர் அடித்தான், பலகைகளைத் தேய்த்தான், போதாததற்கு முன்பக்கம் போய் பொனெட்டையும் திறந்தான். நேற்று வரை சோளமும் கொச்சிக்காயும் ஏற்றிய லொறியில் ஜனாஸாவை அப்படியே ஏற்ற முடியாது என்பது அவன் கட்சி. அது சரிதான். ஆனால் பத்து மணி தாண்டிவிட்டது.

"லொறியக் கழுவப் போனவன் எஞ்சினக் கழுவுறானே," என்றாள் ஸஹாப்தீனின் மனைவி கைறுன்னிஸா. "மையித்த என்ன எஞ்சினுக்கு மேலயா வைக்கப் போறோம்?"

"மெதுவாப் பேசு, புள்ள." அவளுக்கு மூத்தவள், ராத்தா ஜுனைதா, கதவைச் சாத்தினாள். "நீ இத்தாவுல ஈக்கிறாய். ஒன் சத்தம் அந்நிய ஆம்புளைகளுக்குக் கேக்கப்படாது."

கணவனை இழந்தவள் மறைந்திருக்கும் இத்தா தொடங்கி மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்திய இருபத்திரண்டு வருஷமும் மர்சூக் அவள் ஆக்கிய சோற்றைத் தின்றவன். சுரம் வந்தால் அவள் கையால்தான் கஞ்சி குடிப்பான். இன்று காலை ஏழு மணியோடு அவன் அந்நிய ஆணாகிவிட்டான். இனி நாலு மாதம் பத்து நாள் அவன் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவள் அவனோடு பேசக் கூடாது.

சாமான் ஏற்ற மாத்தளையிலிருந்து மனைவியோடும் தம்பியோடும் வந்து இங்கே தங்கியிருந்த ஸஹாப்தீன், ஏழு மணிக்கு சுபஹு தொழுகை முடித்து, லொறியின் ஃபேன் பெல்ட்டை இறுக்கிவிட்டு உள்ளே வந்தார். துவாயில் கையைத் துடைத்தார். நெஞ்சு அடைக்கிறது என்றார். பிளேன்டீ கேட்டார். அவள் தண்ணீர் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. கடைசியாக அவர் அவளிடம் பேசியதும் அந்த பெல்ட்டைப் பற்றித்தான். "ஒரு அங்குலம் தொய்வு இருந்தா போதும். அதுக்கு மேல இருந்தா பெல்ட் வழுக்கும்." கலிமா சொல்ல வேண்டிய நேரத்தில் ஒரு மனிதன் பேசுகிற பேச்சா அது?

ஜுனைதாவின் கணவர் பலீல் தபால் கந்தோருக்குப் போய், மாத்தளையில் கைறுன்னிஸாவின் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு டெலிபோன் எடுத்துவிட்டு வந்திருந்தார். அங்கே பள்ளிவாசலில் கபுறு வெட்டத் தொடங்கிவிட்டார்கள். ஐந்து மணிக்காவது வந்து சேர்ந்தால் குளிப்பாட்டி, தொழுவித்து, மஃரிபுக்கு முன் அடக்கிவிடலாம். இரவுக்கு மையித்தை வைத்துக்கொள்ள முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மாத்தளை வீட்டில் கைறுன்னிஸாவின் ஒரே மகள் ஸரீனா நிறைமாதத்தோடு இருந்தாள். இந்த ரோட்டில் அவளைக் கொண்டுவர முடியாது. வாப்பாவின் முகத்தை அவள் பார்க்க வேண்டுமென்றால் வாப்பாதான் அவளிடம் போக வேண்டும்.

பதினொரு மணிக்கு லொறி புறப்பட்டது. மர்சூக் ஓட்டினான், பலீல் பக்கத்தில் இருந்தார். பின்னால், மூங்கில் கூடைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, பாய் விரித்து மையித்தை வைத்திருந்தார்கள். தலைமாட்டில் சாம்பிராணிச் சட்டி. பின்பலகைக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி மறைத்தாகிவிட்டது. அந்த மறைவுக்குள் கைறுன்னிஸாவும் ஜுனைதாவும். சாரதி இருக்கைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு யன்னல் இருந்தது. ஜுனைதா அதையும் முந்தானையால் மூடினாள்.

பல்லேகமையிலிருந்து மாத்தளைக்குப் போகிறவன் ஒரு மலையை ஏறி இறங்க வேண்டும். அந்த ஏற்றத்தில் ஸஹாப்தீனின் லொறி கொதிக்காமல் போனதே இல்லை என்று ஒரு காலத்தில் லக்கல வட்டாரம் முழுக்கப் பேச்சு. பழைய லொறி. நாட்டுக்குள் சாமான் வராத காலம். புது ரேடியேட்டரைக் கனவில்தான் பார்க்கலாம். வேறொருவர் என்றால் ஒரு தகரத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு, கொதிக்கிற இடத்தில் நிறுத்தி, ஊற்றி, ஓட்டியிருப்பார். இவருக்கு அது பொறுக்கவில்லை. "ரேடியேட்டர்ல பிழையில்ல. காத்து போறதுலதான் பிழை," என்று ஒரு நாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சொன்னார். அன்று பிடித்தது சனியன்.

நாலு இறக்கை விசிறியைக் கழற்றிவிட்டு ஐந்து இறக்கை வைத்தார். அது லொறியைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, தண்ணீர்ப் பம்பையே உடைத்தது. பிறகு ஆறு. இறக்கைகளை ஒரே நிறையாக்க அவளுடைய சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டு போனார். தராசு திரும்பி வரும்போது கிறீஸ் மணந்தது. ஆறு இறக்கையிலும் லொறி கொதித்தது. வீட்டில் அவளுடைய காது புளித்தது. அரிசி புடைத்தாலும் அவர் சுளகைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இப்பிடி சாச்சுப் பிடி. எவ்வளவு காத்து தள்ளுது பாரு." அவள் சுளகைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குப் புகை காட்ட வைத்திருந்த சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனவர் அவளைக் கூப்பிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் சட்டியைப் பிடித்தார். நடுவில் பிடித்தால் புகை நேராக உள்ளே போனது. மூலைக்குக் கொண்டுபோனால் தயங்கியது, சுருண்டது, அவர் முகத்துக்கே திரும்பி வந்தது.

"வெளங்குதா? இழுத்த காத்து இறக்கையோட ஓரத்தால திரும்பி முன்னுக்கு வருது. சூட்டுக் காத்தையே திரும்பத் திரும்பக் குடிக்குது, மடையன்."

"வெளங்குது. சட்டியத் தாங்க. மஃரிபுக்கு பாங்கு சொல்லப் போறாங்க."

அதற்குப் பிறகுதான் அந்தத் தகரக் கூடு. விசிறியைச் சுற்றி, ரேடியேட்டரோடு ஒட்டினாற்போல ஒரு வட்டம். காற்று ஓரத்தால் திரும்ப முடியாது, ரேடியேட்டர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். தகரத்துக்கும் இறக்கைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அதை அளந்தபோது லாம்பு பிடித்தவள் அவள்தான். திட்டிக்கொண்டே பிடித்தாள். அன்றிலிருந்து இரண்டு வருஷம் லொறி கொதிக்கவில்லை. அதை அவர் ஊரெல்லாம் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

இலுக்கும்புறையைத் தாண்டி முதல் ஏற்றத்தில் லொறி கொதித்தது.

முன்னால் இருந்து ஆவி சீறுகிற சத்தம் கேட்டதும் கைறுன்னிஸா நம்பவில்லை. பிறகு லொறி நின்றது. மர்சூக் இறங்கினான், மூடியைத் தொட்டான், "யா அல்லாஹ்" என்று கையை உதறினான். பலீல் தண்ணீர்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"பச்சத் தண்ணி ஊத்த வேணாம்!" மறைப்புக்குள்ளிருந்து கத்தினாள் கைறுன்னிஸா. "எஞ்சின் வெடிச்சுப் போகும்! ஆறட்டும்!"

வெளியே இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஜுனைதா அவள் தொடையில் கிள்ளினாள். "வாய வச்சிக்கிட்டு சும்மா ஈக்க மாட்டியா? புருஷன் மையித்து முன்னால கெடக்குது."

"அவரு உசுரோட ஈந்தா அவரு கத்தீப்பாரு. இப்ப நான் கத்துறேன்."

அரை மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, புறப்பட்டார்கள். ஒரு மைல் கூடப் போகவில்லை. மலை ஒரு பக்கமும் பள்ளம் ஒரு பக்கமுமாக இருந்த வளைவில் மறுபடியும் ஆவி சீறியது. மணி ஒன்றேகால். கீழே ஓர் ஓடையின் சத்தம். மனித நடமாட்டம் இல்லை. காலையில் மேலே போன ஒரே பஸ் மாலையில்தான் திரும்பும்.

பலீல் யன்னல் பக்கம் வந்தார். "ஜுனைதா, தங்கச்சிட்ட சொல்லு. இது ஏறாது. இனியும் அரைவாசிக்கு மேல ஏத்தம் ஈக்குது. எறக்கத்துல திரும்பினா ரெண்டு மணிக்கு பல்லேகமைக்குப் போயிரலாம். அங்கயே நல்ல எடமா அடக்குவோம். எல்லாம் அல்லாஹ்ட மண்ணுதானே."

ஜுனைதா திரும்பினாள். "மச்சான் சொல்றாரு..."

"எனக்கும் காது ஈக்குது ராத்தா. மகளுக்கு யாரு பதில் சொல்ற? அல்லாஹ்ட மண்ணா?"

ஜுனைதா யன்னலுக்கு வாயைக் கொடுத்தாள். "அவ வேணாங்கிறா."

"வேணாங்கிறதுன்னா என்ன செய்ற? தோள்லயா தூக்கிட்டுப் போற?" பலீலின் குரல் ஏறியது. "இந்த லொறி என்னைக்கு ஒழுங்கா மலை ஏறினது? ஆறு றெக்க வச்சா பறக்குமா? நானும் சொன்னேன், கராஜ் பாஸும் சொன்னாரு. கேட்டாரா மனுசன்?"

"கேளுங்க ராத்தா," என்றாள் கைறுன்னிஸா. "ஃபேனைச் சுத்தித் தகரக் கூடு ஈக்குதான்னு பாக்கச் சொல்லுங்க."

"என்ன கூடு?"

"தகரக் கூடு."

"கூடையா கேக்கிற? கூடைதான் இங்க ஈக்குதே."

"அல்லாவே!" கைறுன்னிஸா யன்னல் துணியைப் பிடுங்கினாள். "மர்சூக் தம்பி! பொனெட்டுக்குள்ள இருந்த தகரம் எங்க?"

மர்சூக் ரோட்டின் விளிம்பில் நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒங்கட்டத்தான் கேக்கிறேன்."

"கழட்டிட்டேன் மச்சி," என்றான் அவன், பள்ளத்திடம்.

"என்னத்துக்கு?"

"அது சாராய போர்ட். தவறணை போர்ட்ல வெட்டினது. போத்தல் படம் அப்பிடியே ஈக்குது. நானாட கடைசிப் பயணத்துல, முன்னுக்கு சாராயப் போத்தல் போக, பின்னுக்கு ஜனாஸா போறதா? மலக்குமார் வாற நேரம்..." வானவர்களின் பெயரை எடுத்ததும் அவன் தலைத்தொப்பியைச் சரிசெய்தான். "கழட்டி ஆத்துல எறிஞ்சிட்டேன்."

கைறுன்னிஸா கண்களை மூடினாள். யட்டவத்தையில் மூடிப்போன தவறணையின் பலகை அது. அதை அவர் கொண்டுவந்த நாளிலேயே, படத்தைச் சுரண்டுங்கள் என்று சொன்னாள். சுரண்டுகிறேன் என்றார். போத்தலின் கழுத்து வரை சுரண்டினார். அதற்குள் வேறு ஏதோ யோசனை வந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு தரம் நினைவூட்டினாள். மாதத்துக்கு ஒரு தரம் "நாளைக்கு" என்றார். மிஞ்சியிருந்தது கால் மணி நேர வேலை.

அவள் மையித்தைப் பார்த்தாள். மூடிய துணிக்குள் அவர் யோக்கியமாகப் படுத்திருந்தார்.

"நீங்களும் ஒங்கட நாளைக்கும்," என்றாள்.

பிறகு எழுந்தாள். வெள்ளைச் சேலையை இடுப்பில் சொருகினாள். அடுக்கியிருந்த மரக்கறிக் கூடைகளில் வாய் அகன்ற ஒன்றை உருவினாள். மையித்தின் காலடியில் இருந்த சாக்குகளில் ஒன்றை எடுத்தாள்.

"எங்க போறாய்?" ஜுனைதா அவள் முந்தானையைப் பிடித்தாள். "கைறு, இத்தா! ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் எங்க ஈக்குது இங்க? கொரங்குதான் ஈக்குது. விடுங்க."

மறைப்பை விலக்கி அவள் குதித்தாள். பலீல் சட்டென்று மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். மர்சூக் ஏற்கெனவே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் நடுவில் அவள் பொனெட்டைத் தூக்கி நிறுத்தினாள். உள்ளே ஆறு இறக்கை விசிறி அம்மணமாக நின்றது.

"கத்தி."

மர்சூக் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டிக் கத்தியைக் கொடுத்தான். அவள் கூடையின் அடியை வெட்டி எறிந்தாள். உயரத்தில் ஒரு சாண் அளவு விட்டு மிச்சத்தையும் வெட்டினாள். பிறகு வளையத்தை ஓரிடத்தில் அறுத்து, வளையலை விரிப்பதுபோல விரித்து, விசிறியைச் சுற்றி இறக்கினாள். மூங்கில் கொஞ்சம் பெரிது. நுனிகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிப் பிடித்தாள்.

"குறடு. கம்பி."

குறடும் கம்பியும் பின்னால் நீண்டு வந்தன.

"பள்ளத்தப் பாத்துக்கிட்டு எப்பிடி முறுக்குவீங்க? எனக்கு ரெண்டு கைதான் ஈக்குது. திரும்புங்க தம்பி."

"மச்சி... கூடாது."

"நானாவ றோட்டுல வச்சிக்கிட்டு நிக்கிறது மட்டும் கூடுமா? அந்தத் தகரத்த வச்சிக்கிட்டுத்தான் ஒங்க நானா ரெண்டு வருஷமும் அஞ்சு வக்தும் தொழுதாரு. மலக்குமாருக்குத் தெரியாதா அது ஃபேனுக்கு வச்சதுன்னு?"

மர்சூக் திரும்பினான். அவன் முகம் முழுக்க நனைந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்துக் கம்பியை முறுக்கினான். ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் கட்டினார்கள். ஓட்டை வழியாகக் காற்று போகாமல் சாக்கை நனைத்துக் கூடையைச் சுற்றி இறுக்கினார்கள். அவள் விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஒவ்வோர் இறக்கைக்கும் மூங்கிலுக்கும் நடுவில் தன் சுட்டுவிரலை விட்டுப் பார்த்தாள். நாலாவது இறக்கையில் இடித்தது. சீவினாள். ஆறியிருந்த ரேடியேட்டரில் மர்சூக் தண்ணீர் ஊற்றினான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் பிடித்தது. மூங்கில் அதிர்ந்தது, ஆனால் இடிக்கவில்லை. அவள் ஜுனைதாவிடம் சாம்பிராணிச் சட்டியைக் கேட்டாள்.

"மையித்துக்கு வச்சதடி!"

"தாங்க ராத்தா. திருப்பித் தாறேன்."

ரேடியேட்டருக்கு முன்னால் சட்டியைப் பிடித்தாள். நடுவில் புகை உள்ளே போனது. மேல் மூலைக்குக் கொண்டுபோனாள். புகை தயங்கவில்லை. கீழ் மூலை. அங்கேயும் நேராக, யாரோ கூப்பிட்டதுபோல, உள்ளே போனது. மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த பலீல் எப்போது திரும்பினாரோ தெரியவில்லை, வாயைத் திறந்தபடி புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் கியர்ல போகச் சொல்லுங்க," என்றாள் கைறுன்னிஸா யாருக்கோ சொல்வதுபோல. சட்டியோடு மறைப்புக்குள் ஏறினாள்.

அதன் பிறகு அவள் மையித்தின் தலைமாட்டில் உட்காரவில்லை. முன்பலகையோடு ஒட்டி, காதை அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜுனைதா யாசீன் ஓதினாள். ஒரு பக்கம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"புருஷனுக்குப் பக்கத்துல ஈக்காம எஞ்சினுக்குப் பக்கத்துல ஈக்கிறாய். இப்பிடி ஒரு பொம்பளய நான் கண்டதில்ல."

கைறுன்னிஸா காதைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. வளைவுகள் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் லொறி முக்கியது, முனகியது, ஏறியது. முன்பு அவர் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுகிற இடமெல்லாம் அவளுக்குத் தெரியும். ஓடைப் பாலம் போனது. புல்வெளி போனது. உச்சியில் கணவாய்க் காற்று மறைப்புத் துணியை அடித்துக் கிளப்பியபோது, மர்சூக் நிறுத்தாமல் ஓட்டினான். பலீலின் குரல் யன்னல் வழியாக வந்தது. "கொதிக்கல்ல," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் போய் மறுபடியும், "கொதிக்கவே இல்ல பாருங்க," என்றார்.

ரெண்டு வருஷமாக அவர் உங்களிடம் சொன்னதுதானே என்று கேட்க அவளுக்கு வாய் வந்தது. கேட்கவில்லை. தானும் அவருக்குக் காது கொடுத்ததில்லையே.

ரத்தோட்டைக்கு இறங்கி, மாத்தளை வீட்டின் முன் லொறி நின்றபோது அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். மணி நாலரை. பின்பலகையை இறக்கினார்கள். பத்துக் கைகள் ஸஹாப்தீனை வாங்கின. ஸரீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை ஓடி வந்தாள். பெண்கள் அவளைத் தாங்கினார்கள். அவளுக்காக முகத்துணியை விலக்கினார்கள். அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

கைறுன்னிஸாவை நாலு பெண்கள் துணி பிடித்து மறைத்து உள் அறைக்குக் கொண்டுபோனார்கள். கட்டிலும் உட்கார ஒரு வாங்கும் தவிர மற்றதையெல்லாம் அறையிலிருந்து எடுத்திருந்தார்கள். யன்னலுக்குச் சேலை கட்டியிருந்தது. நாலு மாதம் பத்து நாளுக்கான அறை. வெளியே லொறியின் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த லொறிய நிப்பாட்டுங்கப்பா," என்று யாரோ பெரியவர் கத்தினார். "ஓதுறது கேக்கல்ல."

நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஸரீனா சுவரைப் பிடித்தபடி அறைக்குள் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"உம்மா, மர்சூக் சாச்சா கேக்கிறாரு. எஞ்சின நிப்பாட்டவா, இன்னும் ஓட விடவான்னு. உம்மாட்ட கேக்காம நிப்பாட்ட மாட்டாராம். எல்லாரும் ஏசுறாங்க."

"மலை ஏறின சூடு," என்றாள் கைறுன்னிஸா. "ஒடனே நிப்பாட்டினா உள்ளுக்குள்ளயே நிக்கும். கொஞ்சம் காத்து வாங்கட்டும்."

ஸரீனா கட்டிலில் உட்கார்ந்தாள். சேலை கட்டிய யன்னலுக்கு அப்பால் ஆறு இறக்கைகளும் மூங்கிலுக்குள் சீராகச் சுற்றின. கைறுன்னிஸா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தத்தில் இருந்த இறுக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

"இப்ப நிப்பாட்டச் சொல்லு," என்றாள்.

ஸரீனா எழுந்து போனாள். எஞ்சின் நின்றது. அதற்குப் பிறகுதான், வீட்டுக்குள் எத்தனை பேர் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்பது கைறுன்னிஸாவுக்குக் கேட்டது.